ஊரடங்குக் காலமும் பதின்ம வயதுக் கர்ப்பமும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெற்றோர் கூட்டங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் கொவிட் ஊரடங்கில் பதின்ம வயதுக் கர்ப்பம் கூடியதா என்ற விடயத்தைப் பேசும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சில கேள்விகள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படுபவை. வேறு சில, கூட்டம் கலைந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஓரமாக அழைத்துக் கேட்கப்படுபவை. பெரும்பாலும் அவைதான் முக்கியமானவை. இரண்டு வகையையும் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதின்ம வயதுக் கர்ப்பம் என்று இங்கே குறிப்பிடுவது, உலக சுகாதார நிறுவனத்தின் வழக்கப்படி, 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்பிள்ளைகள் கருத்தரிப்பதையே.

“ஊரடங்குல எல்லாரும் வீட்டுக்குள்ளதானே இருந்தாங்க? அப்புறம் எப்படிப் பிள்ளைங்க உண்டாகுறது கூடும்?”

எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள் என்பது நகரத்துக்குப் பொருந்தும். 2020 மார்ச் 13 முதல் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை ஊரடங்கு தொடங்கியது. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்ததால் கொழுந்து பறிப்பதும் நிற்கவில்லை, தொழிற்சாலையும் நிற்கவில்லை. கொழும்பில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் தாயும் தந்தையும் பகல் முழுவதும் அவளுடன் ஒரே வீட்டில் இருந்தபோது, இங்கே தாய் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டுத்தான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்குத் திரும்பினாள். பாடசாலை இல்லை, ரியூஷன் இல்லை, அறநெறி வகுப்பும் இல்லை. பெரியவர்களை மலையில் விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் லயத்தில் அடைத்த ஊரடங்காகவே அது தோட்டத்தில் அமைந்தது.

இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. கொழும்புக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருந்த இளைஞர்கள் வருமானம் இழந்து ஊருக்குத் திரும்பினார்கள். வீட்டில் கை இறுகியபோது, “ஒரு வயிறாவது குறையட்டும்” என்று பெண்பிள்ளையைச் சீக்கிரம் கட்டிக்கொடுக்கவும் தூரத்து ஊருக்கு வீட்டு வேலைக்கு அனுப்பவும் தோன்றியது. கிளினிக்குகள் முதல் வாரங்களில் தடைப்பட்டன. குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது நாம் மிட்வைஃப் மிஸ் என்று அழைப்பவர்கள், பின்னர் தடுப்பூசி வேலைகளுக்கு இழுக்கப்பட்டார்கள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் சிறிய காரணமாகத் தெரியும். ஒரே பிள்ளையின் வாழ்க்கையில் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுந்ததுதான் வித்தியாசம்.

“இது நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு மட்டும் நடக்குறதா? வெளிநாட்டுல இப்படி இருக்கா?”

கொவிட் வருவதற்கு ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இது தெரிந்த விடயம். மேற்கு ஆபிரிக்காவில் உள்ள சியரா லியோனில் எபோலா பரவியபோது, 2014 நடுப்பகுதியில் இருந்து 2015 ஏப்ரல் வரை பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. அந்தத் தொற்றுக் காலத்தில் 18,000க்கும் மேற்பட்ட பதின்ம வயதுப் பெண்கள் கர்ப்பமானதாக ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. பாடசாலைகள் திறந்தபோது, அந்த நாட்டு அரசு கர்ப்பிணி மாணவிகள் மற்றப் பிள்ளைகளுடன் அமர்ந்து படிக்கக் கூடாது என்று தடை போட்டது. மேற்கு ஆபிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்த பின்னர், 2020 மார்ச் இறுதியில்தான் அது நீக்கப்பட்டது.

கொவிட் காலத்துக்கு மிகத் தெளிவான சான்று கென்யாவில் இருந்து வருகிறது. அந்த நாட்டின் மேற்கே, சியாயா என்ற கிராமப்புற மாவட்டத்தில், தொற்றுக்கு முன்பே இடைநிலைக் கல்வியை முடித்த மாணவிகளையும் தொற்றுக் காலத்தில் கடைசி ஆண்டுகளில் இருந்த மாணவிகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2022இல் வெளியானது. இரண்டாவது பிரிவினர் படிப்பை முடிக்கும் முன் கருத்தரிக்கும் ஆபத்து இரண்டு மடங்காகவும், பாடசாலையை விட்டு இடைவிலகும் ஆபத்து மூன்று மடங்காகவும் இருந்தது. இத்தனைக்கும் அங்கே வகுப்புகள் நின்றது ஏறத்தாழ ஆறு மாதம் மட்டுமே. உகண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி ஆனது; அங்கேயும் இதே கவலை பெரிதாக எழுந்தது. ஆகவே இதைத் தோட்டத்து ஒழுக்கக் குறைவு என்று சொல்பவர்கள் கொஞ்சம் வெளியே பார்ப்பது நல்லது.

“அப்படின்னா ஸ்கூல் மூடுன எல்லா நாட்டுலயும் கூடிருச்சா?”

இல்லை. பிரேசிலில் பதின்ம வயதுப் பிரசவங்கள் தொற்றுக்கு முன்பே குறைந்துகொண்டு வந்தன. 2020இலும் அந்தச் சரிவு தொடர்ந்தது. நடமாட்டம் குறைந்தால் சந்திப்புகளும் குறையும் என்பது உண்மைதான். முதல் கேள்வியைக் கேட்டவரின் எண்ணத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. கருத்தடைச் சாதனங்கள் விடயத்திலும் நடந்தது பயந்த அளவுக்குப் போகவில்லை. 115 நாடுகளில் 2020இல் 1.2 கோடிப் பெண்களுக்கு அந்தச் சேவை தடைப்பட்டு, அதனால் 14 இலட்சம் திட்டமிடாத கர்ப்பங்கள் ஏற்பட்டதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2021 மார்ச்சில் கணக்கிட்டது. ஆறு மாத முடக்கத்துக்கு 70 இலட்சம் வரை போகலாம் என்று 2020 ஏப்ரலில் அதே நிதியம் எச்சரித்திருந்தது.

எங்கே கூடியது, எங்கே கூடவில்லை என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சேவைகள் சீக்கிரம் மீண்ட இடங்களிலும், பிள்ளைக்குப் பகலில் வேறு ஏதோ ஒரு பிடிமானம் இருந்த இடங்களிலும் பாதிப்பு குறைவு. பாடசாலை ஒன்றே பிடிமானமாக இருந்த ஏழைக் கிராமங்களில் அதிகம். நமது தோட்டங்கள் எந்தப் பக்கம் சேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

“சுத்தி வளைக்காம சொல்லுங்க மிஸ், இலங்கையில எவ்வளவு கூடிச்சு?”

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இலங்கையின் பின்னணி ஆபிரிக்க நாடுகளின் பின்னணி அல்ல. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி 15–19 வயதுப் பெண்கள் 1000 பேருக்கு ஆண்டுக்கு 21 பிரசவங்களே நடந்தன. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவில் இந்த எண் 100ஐச் சுற்றி நிற்கிறது. பெண் கல்வியும் வீடு தேடி வரும் மிட்வைஃப் சேவையுமே இந்த நல்ல நிலைக்குப் பெரும்பாலும் காரணம். ஊரடங்கு கைவைத்ததும் சரியாக இந்த இரண்டிலும்தான்.

அடுத்து ஒரு கணக்குச் சிக்கல். நாட்டில் 2019இல் ஏறத்தாழ 319,000 பிறப்புகள் பதிவாயின. 2021இல் அது ஏறத்தாழ 285,000 ஆனது. திருமணங்கள் தள்ளிப்போனதாலும் செலவுக்குப் பயந்தும் வளர்ந்த பெண்கள் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட்டால், பதின்ம வயதுத் தாய்மாரின் எண்ணிக்கை மாறாமலே அவர்களின் விகிதம் கூடியதாகத் தெரியும். எண்ணிக்கையைப் பார்ப்பவர் ஒன்று சொல்வார், விகிதத்தைப் பார்ப்பவர் வேறொன்று சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. மேலும், நுவரெலியா மாவட்டத்தின் எண் என்றால் அதில் நுவரெலியா நகரமும் வலப்பனைக் கிராமங்களும் தோட்டங்களும் கலந்தே இருக்கும். வயதைக் கூட்டிச் சொல்லிப் பதிந்தவர்களும், ஆறு மாதம் வரை கிளினிக் பக்கமே வராதவர்களும், கலைக்கப்போய் ஆபத்தில் சிக்கியவர்களும் அந்த எண்ணுக்குள் சரியாக வர மாட்டார்கள். எனவே யாராவது “இரண்டு மடங்காகிவிட்டது” என்றால், எந்த ஆண்டை எந்த ஆண்டோடு, எந்தப் பகுதியில் ஒப்பிட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

“ஸ்கூல் போயிட்டு வர்ற பிள்ளைங்களுக்கும் இது நடக்குதே. அப்ப ஸ்கூல் என்னத்தக் காப்பாத்துது?”

பாடசாலை பூட்டுப் போட்ட பெட்டி அல்ல. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. ஆனால் பாடசாலை பகல் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. சாதாரண தரம், உயர்தரம் என்று காத்திருக்க ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரைத் தவிர வேறு ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் முகத்தை நாள்தோறும் பார்க்கும் ஒரே இடம் அதுதான். ஒரு வாரம் சோர்ந்து உட்கார்ந்தாலோ, காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாலோ, விளையாட்டுப் பாடத்துக்கு வர மறுத்தாலோ ஓர் ஆசிரியை கவனிப்பார். 2020, 2021 ஆண்டுகளில் அந்தப் பார்வை இல்லாமல் போனது.

நம் நாட்டில் பாடசாலைகள் ஒரே மூச்சில் மூடிக் கிடக்கவில்லை என்பதும் ஒரு சங்கடமே. 2020 ஜூலையில் படிப்படியாகத் திறந்து, ஒக்டோபரில் மூடி, பின்னர் திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி மூடி, கடைசியில் 2021 ஒக்டோபர், நவம்பரில் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். ஒவ்வொரு முறை திறந்தபோதும் சில பிள்ளைகள் திரும்பி வரவில்லை. என் அனுபவத்தில் பல வீடுகளில் கர்ப்பத்தால் படிப்பு நிற்கவில்லை; படிப்பு நின்று சில மாதங்களின் பின்னரே கர்ப்பம் வந்தது. திரும்பி வராத மாணவியின் வீட்டுக்கு அந்த வாரமே யாராவது போயிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் வருகிறது.

“எல்லாத்துக்கும் அந்தப் போன்தானே காரணம்? ஒன்லைன் வகுப்புன்னு வாங்கிக் கொடுத்ததுல வந்த வினை.”

போனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரியவர்களுக்கு வசதியாக இருக்கிறது. நடந்ததைச் சற்று அருகில் இருந்து பாருங்கள். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான்; அது பகலில் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். பாடத்தாள்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் அவை பிள்ளையின் கைக்கு வருவது மாலையில். லயத்துக்குள் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்திலோ கோயில் மேட்டிலோ நின்றால்தான் படம் இறங்கும். ஆகவே இருட்டும் நேரத்தில் தனியாக மேட்டுக்கு ஏறிப் போவது படிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. யாரும் ஏன் போகிறாய் என்று கேட்கவும் முடியாது. டேட்டா தீர்ந்தால் ரீலோட் போட வீட்டில் பணம் இல்லை. ரீலோட் போட்டுக் கொடுக்க ஒருவர் முன்வருகிறார். முதலில் நூறு ரூபாய். பிறகு ஒரு பழைய போன். பிறகு “எனக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா” என்ற பேச்சு.

இந்தக் கதையில் போன் இருக்கிறது, உண்மை. சிக்னல் இல்லாத லயமும், காசு இல்லாத வீடும், பிள்ளைக்குக் கடன் வைத்து வலை விரித்த ஒரு வளர்ந்த ஆணும் அதே கதையில் இருக்கிறார்கள். போனைப் பிடுங்கி வைத்த வீடுகளில் பிள்ளைகள் படிப்பையும் இழந்தார்கள், ஆபத்து வந்தால் யாரையாவது அழைக்கும் வழியையும் இழந்தார்கள்.

“வெளியாளுங்க யாரும் தோட்டத்துக்குள்ள வரலையே. யாரு செஞ்சிருப்பா?”

கேட்கக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைச் செய்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். வெளியாள் வராத காலத்தில் தெரிந்தவர்களின் பங்கு இன்னும் கூடுமே தவிரக் குறையாது. லயக் காம்பராவின் அமைப்பை நாம் அறிவோம். ஓர் அறை, ஓர் இஸ்தோப்பு (முன் திண்ணை), ஒரு குசினி. நடுவே கட்டிய சேலைதான் சுவர். அந்த இடத்தில் கொழும்பில் இருந்து திரும்பிய சித்தப்பாவோ மச்சானோ மாதக்கணக்கில் தங்கினார். மதுக்கடைகள் மூடிக் கிடந்ததால் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுவது பெருகியது. தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சிக்கிக்கொண்ட வீடுகளில் பிள்ளைக்குக் காவல் பாட்டி மட்டுமே. பாட்டிக்கோ கண் தெரிவதில்லை.

இதனால் எல்லா உறவினரையும் சந்தேகிக்க வேண்டும் என்று பொருள் இல்லை. ஆனால் பிள்ளை ஒருவரின் பெயரைச் சொல்லி, “அவர் வீட்டில் இருந்தால் நான் இங்கே படுக்க மாட்டேன்” என்று சொன்னால், முறை, மரியாதை என்று அவள் வாயை அடைக்காதீர்கள்.

“கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு மிட்வைஃப் மிஸ் மாத்திரை கொடுப்பாங்களா? இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க கெட்டுப்போயிராதா?”

மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேடு குடும்பங்களை மையமாக வைத்தது. திருமணமான பெண்ணைத் தேடி அவர் வீட்டுக்கு வருவார். திருமணமாகாத பதினேழு வயதுப் பிள்ளை அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறாள். அந்த இடைவெளிக்காகவே அரசாங்க வைத்தியசாலைகள் சிலவற்றில் “யொவுன் பியச” என்ற பெயரில் இளைஞர் சேவை நிலையங்கள் நடக்கின்றன. ஆணுறையும் அவசரக் கருத்தடை மாத்திரையும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அந்த மாத்திரையைப் பாதுகாப்பற்ற உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பலாத்காரம் நடந்திருந்தால் மருந்துக் கடைக்குப் போய் முடித்துவிடக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளை யுனெஸ்கோ தொகுத்துப் பார்த்தபோது, பாலியல் கல்வி பிள்ளைகளை உறவுக்கு அவசரப்படுத்துவதில்லை என்றே தெரிந்தது. நம் பாடத்திட்டத்தில் சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் பற்றிய அலகு இருக்கத்தான் செய்கிறது. அந்த வாரம் வரும்போது “இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றோர் கண்டித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

“எங்க அம்மாயி பதினஞ்சு வயசுல கட்டிக்கிட்டு ஒன்பது பெத்தாங்க. நல்லாத்தானே இருந்தாங்க?”

அம்மாயி பெற்றது ஒன்பது; தங்கியது எத்தனை என்று அவரிடமே கேளுங்கள். அவர் காலத்தில் பிரசவத்தில் போன தங்கைகள், நாத்தனார்கள் பெயர்களையும் அவர் சொல்லக்கூடும். உலக அளவில் 15–19 வயதுப் பெண்களின் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் கர்ப்பகால, பிரசவச் சிக்கல்களும் அடங்கும். இளம் தாய்மாருக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், பிரசவத்தின் பின் கருப்பையில் கிருமி தொற்றுவதும் வளர்ந்த பெண்களைவிட அதிகம். குழந்தை குறை மாதத்தில் பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் அதிகம். தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை ஏற்கெனவே பரவலாக இருப்பதால் இங்கே ஆபத்து இரட்டிப்பாகிறது. தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடல் இன்னோர் உடலையும் வளர்க்க வேண்டியிருக்கிறது.

“ரெண்டு பேரும் விரும்பித்தான் இருந்தாங்க. அதுக்கும் கேஸா?”

பெண்ணுக்கு 16 வயது நிறையவில்லை என்றால், அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அதை வல்லுறவாகவே கொள்கிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அந்த வயது 12ஆக இருந்தது. ஆணும் 18 வயதுக்குக் குறைந்தவனாக இருந்து, பெண்ணின் சம்மதமும் இருந்திருந்தால், தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது குற்றமே அல்ல என்று ஆகிவிடாது. பதினேழு வயதுப் பையனும் பதினைந்து வயதுப் பெண்ணும் சிக்கும் வழக்குகளில் இரு வீட்டாரும் உடைந்துபோவதை அறிவேன். ஆனால் முப்பது வயதுக்காரரும் “விரும்பித்தான் இருந்தோம்” என்ற இதே வாசகத்தைத்தான் சொல்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

“கையோட கட்டி வச்சிட்டா கேஸ் முடிஞ்சிரும்னு தலைவர் சொல்றாரே?”

முடியாது. 1995 முதல் பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் இருபாலாருக்கும் 18 வயது நிறைந்தால்தான் பதிவுத் திருமணம் செல்லும். (1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் இப்படி ஒரு குறைந்தபட்ச வயது வைக்கப்படவில்லை, அதை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது.) கோயிலில் தாலி கட்டி வைத்தாலும், மேலே சொன்ன குற்றம் அதனால் அழியாது. பதிவில்லாத மனைவிக்கு, அவன் விட்டுவிட்டுப் போகும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது.

ஊரடங்கில் இந்த வகைக் கலியாணம் மலிந்ததற்கு ஒரு காரணம் எளிமையானது: ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளால் செலவு குறைந்தது. பந்தியும் இல்லை, பேச்சும் இல்லை. உலக அளவில், தொற்றின் விளைவாக 2030க்குள் கூடுதலாக 1 கோடி சிறுவயதுத் திருமணங்கள் நடக்கலாம் என்று யுனிசெஃப் 2021இல் எச்சரித்தது. தலைவர், கோயில் கமிட்டி, இரு வீட்டார் எல்லோரும் கூடி ஒரு வழக்கைத் தோட்டத்துக்குள்ளேயே முடிக்கும்போது, அந்தக் கூட்டத்தில் பிள்ளையின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா என்று நான் வழக்கமாகக் கேட்பேன். பதில் வருவதில்லை.

“கிளினிக்குக் கூட்டிட்டுப் போனா பொலிஸ் வரும். அதனால கொஞ்ச நாள் பொத்தி வச்சிருந்தா என்ன?”

பெண் 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால் வைத்தியசாலை பொலிசுக்கு அறிவிக்கும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலைமையைப் பார்ப்பார். உண்மை. ஆனால் சிகிச்சை அந்த நடைமுறைகளுக்காகக் காத்திருக்காது. குற்றம் சாட்டப்படுபவர் அந்த ஆணே. பிள்ளை குற்றவாளி அல்ல. அவள் வீட்டிலேயே ஆபத்து இருந்தால்தான் நீதவான் அவளை வேறு இடத்தில் வைக்க உத்தரவிடும் நிலை வருகிறது.

பொத்தி வைப்பதால் இழப்பது மாதங்களை. எட்டு வாரம் ஆவதற்குள் பதிந்தால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும் திரிபோஷா என்ற சத்துமாவும் இரத்தப் பரிசோதனையும் கிடைக்கும். இரத்த அழுத்தம் ஏறுவது முன்கூட்டியே தெரியும். ஆறாம் மாதத்தில் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அவற்றில் பாதி கைநழுவிப் போயிருக்கும். கடும் தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.

“கலைச்சிட முடியாதா?”

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே இலங்கையில் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. வல்லுறவால் வந்த கர்ப்பத்துக்குக்கூட விலக்கு இல்லை. இது நியாயமா என்று என்னிடம் கேட்டால், இல்லை என்பேன். ஆனால் சட்டம் மாறும் வரை, பெயர் தெரியாத மாத்திரையும் பின்வாசல் வைத்தியமும் தான் வேறு வழி என்று நம்பிப் போனவர்கள் இரத்தப்போக்கோடும் கிருமித் தொற்றோடும் வைத்தியசாலைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அப்படி ஏதாவது ஏற்கெனவே செய்திருந்தால், பயந்து மறைக்காமல் வைத்தியரிடம் என்ன எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். உயிர் அதில்தான் தங்கும்.

“பிறந்த பிள்ளையை இல்லாதவங்க யாருக்காவது கொடுத்திட்டா? பதிவு எப்படி?”

கைமாற்றிக் கொடுக்கக் கூடாது. தத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் வழியாகவும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழியாகவுமே நடக்க வேண்டும். பணம் கைமாறினால் குற்றம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதியுங்கள். பெற்றோர் திருமணமாகாதவர்கள் என்பதற்காகப் பிறப்புச் சான்றிதழை மறுக்க முடியாது. தந்தையின் பெயர் சேர்வதற்கு மட்டுமே இருவரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அலைந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்; அதே அலைச்சலை இன்னொரு குழந்தைக்கு வைக்க வேண்டாம்.

“பெத்த பிறகு மறுபடி ஸ்கூலுக்குச் சேர்ப்பாங்களா?”

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016 வரை அந்த மேல் எல்லை 14ஆக இருந்தது. தாயாகிவிட்டாள் என்பதற்காக அந்தக் கடமை அரசுக்கு இல்லாமல் போவதில்லை. நடைமுறையில் அதிபர் தயங்குவார், மற்றப் பெற்றோர் முணுமுணுப்பார்கள், பிள்ளையும் கூச்சப்படுவாள். வேறு பாடசாலைக்கு மாற்றம் கேட்கலாம். வகுப்புக்குப் போகவே முடியாவிட்டால் சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். இந்த வழி திறந்திருப்பது பல தாய்மாருக்குத் தெரிவதில்லை. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா இருக்கிறது என்பது, நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒரு வசதி.

மற்ற நாடுகள் இந்த விடயத்தில் தொற்றுக்குப் பின் நகர்ந்திருக்கின்றன. சிம்பாப்வே 2020இல் கர்ப்பத்துக்காக மாணவியை விலக்குவதைச் சட்டத்தால் தடுத்தது. தான்சானியா 2021 நவம்பரில் பழைய தடையை நீக்கியது.

“கொவிட்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் ஏன் இதைப் பேசிக்கிட்டு இருக்கீங்க?”

கொவிட் முடிந்த கையோடு 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் பல மீண்டும் மூடின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோதும் பாடசாலைகள் மூடி, மண்சரிவில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூட்டமாகத் தங்க நேர்ந்தது. முதல் பதிலில் சொன்ன நிலைமைகள் வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கின்றன.

செய்யக்கூடிய ஒன்றுக்குச் சான்றும் இருக்கிறது. சியரா லியோனில் எபோலாவுக்குச் சற்று முன், பிராக் என்ற தொண்டு நிறுவனம் சில கிராமங்களில் பதின்ம வயதுப் பெண்களுக்கான மன்றங்களைத் தொடங்கியிருந்தது: பெண்பிள்ளைகள் மட்டும் கூட ஓர் இடம், பேச ஓர் அக்கா, கொஞ்சம் உடல்நலப் பாடம், கொஞ்சம் கைத்தொழில். தொற்று கடுமையாகப் பாதித்த கிராமங்களில், மன்றம் இல்லாத இடத்துப் பெண்பிள்ளைகள் ஆண்களோடு செலவிட்ட நேரமும் திருமணத்துக்கு வெளியேயான கர்ப்பமும் கூர்மையாக ஏறின. மன்றம் இருந்த கிராமங்களில் அந்த ஏற்றம் பெருமளவு தடுக்கப்பட்டது. பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. நமது தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா, வாசிகசாலை, கோயில் மண்டபம் என்று இடத்துக்குக் குறைவில்லை. பாடசாலை மூடும் காலத்தில் வாரத்துக்கு மூன்று பகல் அவற்றைத் திறந்து வைக்க உயர்தரம் முடித்த இரண்டு அக்காமார் போதும். தோட்ட நிர்வாகத்திடம் இதைக் கேட்டுப் பெறுவது சம்பளப் பேச்சுவார்த்தையைவிடக் கடினமாக இருக்காது.

“எனக்குச் சந்தேகம்தான், நிச்சயம் இல்ல. சொல்லிட்டு ஒண்ணுமில்லன்னு ஆனா லயத்துல எப்படித் தலைகாட்டுறது?”

நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல, விசாரிப்பவர்களுடையது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றும் கூறலாம். வளர்ந்த பெண்களுக்கு 1938. நேரில் பேச விரும்பினால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவும் இருக்கின்றன. பொலிசில் தமிழ் பேசுபவர் இல்லாவிட்டால், சிங்களம் தெரிந்த ஒருவரை நீங்களே கூட்டிப்போவது நல்லது. ஆனால் அந்த ஒருவர் சந்தேகத்துக்குரியவரின் உறவினராக இருக்கக் கூடாது. அழைக்கும்போது பிள்ளையின் வயது, தோட்டம், பிரிவு, லய இலக்கம் ஆகியவற்றையும், நீங்கள் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். அவள் ஒருமுறை சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே அன்றைக்கே ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.